பெட்டைக்குத் தண்ணி வைக்காத நாள்

நிலம் அளக்கிற துரையிடம் நான் குதிரைக்காரனாக இருந்தேன். காப்பித் தோட்டங்கள் மலைக்கு மலை ஏறிக்கொண்டிருந்த காலம். காடு வெட்டுகிறவனுக்கு முன்னால் அளக்கிறவர் போக வேண்டும். அளக்கிறவருக்கு முன்னால் கூடாரம் போக வேண்டும். அதற்கும் முன்னால் நான் போவேன், குதிரை கட்ட இடம் பார்க்க.

ஆள் எங்கேயும் படுத்துக்கொள்வான். குதிரைக்கு அப்படி இல்லை. நிலம் சரியக்கூடாது. ஈரம் நிற்கக்கூடாது. கிட்டத்தில் புல் வேண்டும், அதுவும் மானாப்புல் ஆகாது, வாயைக் கிழிக்கும். தண்ணி கிட்டத்தில் வேண்டும். ஆனால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தானாகப் போய்க் குடிக்கிற தூரத்தில் இருக்கக்கூடாது. தண்ணி விஷயத்தில் துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். ஓடுகிற தண்ணியை வாளியில் மொண்டு, துணியில் வடிகட்டித்தான் வைக்க வேண்டும். தேங்கின தண்ணி ஆகாது. குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்பார். எதற்காகச் சொன்னாலும் சரியான சட்டம்தான்.

மூன்று உருப்படி இருந்தன. துரை ஏறுகிற வெள்ளைக் குதிரை. கூடாரமும் நிலம் அளக்கிற சங்கிலியும் சுமக்கிற மட்டக் குதிரை ஒன்று. வெள்ளை களைத்தால் மாற்றி ஏறுவதற்கு ஒரு பெட்டை, செம்பட்டை நிறம். கண்டியில் ஊருக்குக் கப்பல் ஏறப்போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கினது. நல்ல நடை. உதைக்காது, கடிக்காது. மூக்குத்தான் ஜாஸ்தி. கொள்ளில் ஒரு பூச்சி கிடந்தால் பையையே தள்ளிவிடும். அதுக்குப் பிடிக்காத ஆள் தொட்ட புல்லையும் தள்ளிவிடும்.

அந்தப் பெட்டைமேல் எனக்கு ஆசை. அதை மறைப்பதற்கில்லை.

எங்களோடு ஒரு சமையல்காரர். கண்டி டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சங்கிலி இழுக்கிற ஆட்கள் அந்தந்த ஊரில் காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூடாரத்தில் இருப்பது துரை, சமையல்காரர், நான், குதிரைகள். அவ்வளவுதான். சமையல்காரர் நிறையப் பேசுவார். நான் கேட்பேன். அது இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது.

குண்டசாலையில் ஆற்றங்கரையில் ஐந்து நாள் இருந்தோம். நல்ல இடம். மத்தியானத்துக்கு மேல் மூன்றையும் மகாவலியில் இறக்கிக் குளிப்பாட்டுவேன். வெள்ளை தண்ணியில் நின்றபடியே தூங்கும். மட்டம் உருளப் பார்க்கும். பெட்டை முழங்கால் தண்ணிக்கு மேல் வராது. நான் தொப்பியில் மொண்டு முதுகில் ஊற்றுவேன், கண்ணை மூடிக்கொள்ளும்.

நாலாம் நாள் திரும்பி வந்தால் என் வாளியில் ஏதோ ஊறுகிறது.

"வாளியில என்னண்ணே?"

"கருவாடு."

"அது குதிரை குடிக்கிற வாளி."

"என் சட்டியில தொரைக்கு சூப்பு கெடக்கு. வேற எதுல ஊற வைக்க, ஒன் தொப்பியிலயா? கழுவித் தர்றேன், போ."

கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். மணல் போட்டுத் தேய்த்தார். தேசிக்காய் பிழிந்தார். வெள்ளை குடித்தது. மட்டம் குடித்தது. பெட்டை மூக்கை வைத்தது, எடுத்தது, மேல் உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. பிறகு பக்கத்தில் வரவில்லை.

"ஒன் பொஞ்சாதிக்கு ரொம்பத்தான் எகத்தாளம்" என்றார் சமையல்காரர். "ராசா காலத்துல பொறந்திருக்கணும்."

அங்கே இருந்த மட்டும் பாதகமில்லை, ஆறு ஓடுகிறது. ஆற்றிலேயே குடிக்க விட்டேன். ஆறாம் நாள் கூடாரத்தைப் பிரித்து பன்விலைக்குக் கிளம்பினோம். கிளம்புகிற அவசரத்தில் ஆற்றுக்கு இறக்காமல் வாளியில் வைத்தேன், குடிக்கவில்லை. வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வத்தேகமம் தாண்டி ஏற்றம். வெயில். வழியில் இருந்த மூங்கில் பீலியில் மலைத்தண்ணி சொட்டிக்கொண்டுதான் இருந்தது. வாளியில் பிடித்து வைத்தேன். பெட்டை முகத்தைத் திருப்பியது. வாய் ஓரத்தில் நுரை காய்ந்து கிடந்தது.

வயல் ஓரத்தில் ஒரு பாறைக்குழி. தண்ணி தெளிவு, அடியில் கூழாங்கல் தெரிந்தது. துரை வெள்ளையில் முன்னால் போய்விட்டார். சமையல்காரர் மட்டத்தை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் முன்னும் பின்னும் பார்த்தேன். கயிற்றைத் தளர்த்தினேன். நாலு மடக்கு குடிக்கட்டும் என்று நினைத்தேன். குடித்து முடிக்கிறவரை இழுக்க மனம் வரவில்லை.

பன்விலையில் இடம் நன்றாக அமைந்தது. வழிப்போக்கர் தங்கும் அம்பலம் ஒன்று, அதற்கு மேலே மட்டமான புல்தரை. எதிர்மலை முழுக்கக் காப்பி பூத்துக் கிடந்தது. காலையில் பார்த்தால் மலையில் பனி விழுந்த மாதிரி இருக்கும் என்று துரை சொன்னார். பனி விழுந்த மலையை நான் பார்த்ததில்லை. வாசனை மட்டும் தெரியும், கூடாரத்துக்குள் வரை வந்தது. அங்கே தோட்டத்து ஆள் ஒருவரிடம் ஒரு மரவாளி வாங்கினேன். பெட்டை அதில் குடித்தது. சங்கடம் தீர்ந்தது என்று இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் பெட்டை தும்மியது. தலையை உதறியது. இடது மூக்கில் நூல் மாதிரி ரத்தம்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தேங்கின தண்ணியில் இருக்கிற அட்டை ரோமம் மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குடிக்கும்போது மூக்குக்குள் ஏறிவிடும். உள்ளே உட்கார்ந்து ரத்தம் குடித்துப் பருக்கும். மாட்டுக்கு வந்து பார்த்திருக்கிறேன். மூக்கை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆழத்தில் இருந்தது. புகையிலைப் புகையை ஊதிப் பார்த்தேன். என் மூஞ்சியில் தும்மியது, அவ்வளவுதான்.

துரையிடம் சொல்லவில்லை. அட்டை என்று சொன்னால் எங்கே ஏறியது என்று கேட்பார். பாறைக்குழியைச் சொல்ல வேண்டும். ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து நாலு நாள் ஓட்டினேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரிது.

அதற்குள் ரத்தத்தோடு சளியும் வர ஆரம்பித்தது. கெட்டியாக, மஞ்சளாக. எட்டாம் நாள் காலையில் துரை பெட்டைக்குச் சேணம் போடச் சொன்னார். போட்டேன். கடிவாளத்தைப் பிடித்தவர் கையைப் பார்த்தார். கையில் பட்டிருந்தது. மூக்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் போய்க் கையைப் புல்லில் தேய்த்தார்.

"சேணம் எடு. வெள்ளை எங்கே? தூரமாகக் கட்டு. மட்டமும் தூரம்."

எடுத்தேன். கட்டினேன்.

"இது கெட்ட வியாதி. எனக்குத் தெரியும். ஒரு குதிரைக்கு வந்தால் எல்லாக் குதிரைக்கும் வரும். மனுசனுக்கும் வரும். மருந்து இல்லை. சுட வேண்டும்."

துரைக்குக் குதிரைமேல் வெறுப்பு கிடையாது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அதனால்தான் பயந்தேன். கோபத்தில் சொல்கிறவர் மறுநாள் மாறுவார். இவர் மாறமாட்டார்.

"தொரை, அது வியாதி இல்ல. அட்டை."

"எங்கே அட்டை? காட்டு."

"உள்ள இருக்கு. தெரியாது."

"எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பிறகு எப்படி அட்டை?"

"தேங்கின தண்ணியில குடிக்க விட்டேன், தொரை. வத்தேகமத்துக்கு இந்தப் பக்கம்."

அவர் என்னையே பார்த்தார். "ரத்தம் எத்தனை நாள்?"

"நாலு."

"ஏன் சொல்லவில்லை?"

"பயந்துட்டேன்."

சுடுவதிலிருந்து காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் சமையல்காரர் அகப்பையும் கையுமாக வந்து நின்றார்.

"தொரை, அவன் மேல குத்தமில்ல. வாளியில கருவாடு ஊறப் போட்டது நான்."

"என்ன? கருவாடா?"

"ஆமாங்க. சூப்புச் சட்டி காலியா இல்ல. குண்டசாலையில வச்சு..."

அவர் குண்டசாலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மீன் என்ன மீன் என்பதையும் சொன்னார். துரை கையைத் தூக்கி நிறுத்தினார்.

அம்பலத்தில் அக்குறணை ஊர் முஸ்லிம் வியாபாரி ஒருவர் தங்கியிருந்தார், நானா என்று கூப்பிடுவோம். பொதிமாட்டில் அரிசி ஏற்றித் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறவர். சத்தம் கேட்டு வந்திருந்தார். துரையைப் பார்த்து, "மாட்டுக்கு வாறதுதான் தொரை. எண்ட மாட்டுக்கே ரெண்டு தரம் வந்து ஈக்கி. தாகத்துல போட்டா வெளிய வரும். நான் கையால புடுங்கி ஈக்கிறேன்" என்றார்.

துரை எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக் காலையில் கூடாரம் பிரிக்கிறோம். மடுல்கெல்லவுக்குப் போகிறோம். அட்டையை என் கண்ணுக்குக் காட்டினால் குதிரை வரும். இல்லை என்றால் வராது."

வெள்ளையில் ஏறி வேலைக்குப் போய்விட்டார். அவர் போன கையோடு நானா தன் மாடுகளை அவிழ்த்து வயலுக்கு அந்தப் பக்கம் ஓட்டினார்.

"என்ன நானா, அட்டைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சமையல்காரர் கேட்டார்.

"நம்பிக்கை ஈக்கி தம்பி. ஆனா மாடு எண்ட மாடு."

செய்ய வேண்டியது இதுதான். குதிரைக்குச் சொட்டுத் தண்ணி வைக்கக்கூடாது. நாள் முழுக்கக் காய வேண்டும். மூக்கும் காயும், உள்ளே இருக்கிறதுக்கும் காயும். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணி வைத்தால், குதிரை மூக்கை இறக்கும்போது அட்டை ஈரத்துக்குத் தலை நீட்டும். அப்போது பிடிக்க வேண்டும். சொல்வதற்கு லேசு.

காலையில் இன்னும் தண்ணி வைக்கவில்லை, அது ஒரு நல்லது. பெட்டையை நிழலில் கட்டினேன். பச்சைப்புல்லை எடுத்துவிட்டேன், அதில் ஈரம் இருக்கிறது. மேலே காப்பி ஸ்டோர் பக்கம் காய்ந்த புல் இருந்தது. அதை அறுக்கப் போனேன். "தண்ணி மட்டும் வச்சிராதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

புல்லுக்கட்டோடு வரும்போது மத்தியானம். பெட்டையின் தாடை ஈரமாக இருந்தது. மார்பில் சொட்டு விழுந்த தடம். சமையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே."

அடுப்பை ஊதினார்.

"அண்ணே, தண்ணி வச்சீங்களா?"

"பாத்துக்கிட்டே இருந்திச்சு தம்பி. வெங்காயம் உரிச்சேன், பாத்திச்சு. அரிசி களைஞ்சேன், நாக்க நீட்டிச்சு. நான் என்ன கல்லா? களைஞ்ச தண்ணியத்தான் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"சட்டி முழுக்க."

"குடிக்கையில மூக்குல அட்டை வந்திச்சா?"

"நான் எங்க பாத்தேன்? அழுகை வந்திருச்சு, அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன்."

கோபம் வந்தது. புல்லுக்கட்டைக் கீழே போட்டேன். ஏச வாய் வரவில்லை. பாறைக்குழியில் நான் கயிற்றைத் தளர்த்தினதும் இதே மாதிரித்தான். இரண்டு பேரும் அதன்மேல் இரக்கப்பட்டு இரக்கப்பட்டு அதைத் துப்பாக்கி வரை கொண்டுவந்துவிட்டோம்.

மத்தியானத்திலிருந்து காலை வரை இருந்தது. அதை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. அந்த மாதத்தில் சாயங்கால மழை வழக்கம். ஆனால் நான் அதை யோசிக்கவில்லை. மழை பெய்தால் பெட்டை தன் உடம்பையே நக்கும், கூடாரத் துணியை நக்கும், மண்ணில் நிற்கிறதைக் குடிக்கும். அம்பலத்தில் கட்டலாம் என்றால் நானாவின் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் இரண்டு கையையும் விரித்தார். மறுப்பதில் தப்பில்லை.

சமையல்காரர் எழுந்தார். இலுக்குப்புல் போட்டு வேய்ந்த சமையல் கொட்டகை ஒன்றை வந்த அன்றைக்கே கட்டியிருந்தோம். அதிலிருந்த சட்டி, பானை, அரிவாள்மணை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். அடுப்பை மண்வெட்டியால் அள்ளினார்.

"கொண்டா அவள. இங்க கட்டு."

"நீங்க எங்க சமைப்பீங்க?"

"அது என் பாடு. தண்ணிப் பானைய மறக்காம வெளிய எடு. என்னைய நம்பாத."

மழை வந்தது. பெட்டை கொட்டகைக்குள் நின்றது. தலை கூரையில் இடித்தது. சமையல்காரர் தாளிப்பனை ஓலை ஒன்றைத் தலைக்கும் அடுப்புக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் சோறு ஆக்கினார். அடுப்பு எரிவதைவிடப் புகைவது அதிகம். என்னவெல்லாமோ திட்டினார், எல்லாம் மழையை.

துரை நனைந்து வந்தார். கொட்டகையில் குதிரையைப் பார்த்தார். மரத்தடியில் சமையல்காரரைப் பார்த்தார். கூடாரத்துக்குள் போனார். அன்றைக்கு அவருக்குப் போனது அரைவேக்காட்டுச் சோறு, புகைநாற்றம் வேறு. முழுவதும் சாப்பிட்டிருந்தார். தட்டைக் கழுவினவன் நான்.

காலையில் மழை விட்டிருந்தது. மலை முழுக்க மூடுபனி. துரை விடியும்போதே எழுந்துவிட்டார். துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். சத்தமில்லாமல் செய்தார். சங்கிலி ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

பெட்டையை வெளியே கொண்டுவந்தேன். கண் குழிந்திருந்தது. நாக்கு தடித்துப் பல்லில் ஒட்டியிருந்தது. என் கையை நக்கியது, கையில் ஒன்றும் இல்லை. சமையல்காரர் சோறு வடிக்கிற பெரிய சட்டியில் பீலித் தண்ணி கொண்டுவந்து தரையில் வைத்தார். நானாவும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நான் விரலில் சாம்பல் பூசிக்கொண்டு சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டேன். அட்டை வழுக்கும். வெறுங்கையில் நிற்காது.

"தலைக்கயிற்ற நீங்க பிடிங்க அண்ணே. தண்ணி மேல மூக்கு இருக்கணும். குடிக்க விடக்கூடாது."

பெட்டை தண்ணியைப் பார்த்ததும் பாய்ந்தது. சமையல்காரர் தொங்கினார். மூக்கு தண்ணிக்கு நாலு விரல் மேலே நின்றது. மூச்சு விட்டதில் தண்ணி சுழித்தது. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். மூக்கு ஓட்டை கறுப்பாகத்தான் இருந்தது. நேரம் போனது. பெட்டை முனகியது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் குதிரையிடம் கேட்டதில்லை.

பிறகு கறுப்புக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. நாக்கு நுனி மாதிரி வெளியே வந்தது. பிடித்தேன். பெட்டை தலையைத் தூக்கியது. வழுக்கி உள்ளே போய்விட்டது.

"வந்திச்சு தொரை!" என்றேன்.

"நான் பார்க்கவில்லை" என்றார். உண்மைதான். என் தலை மறைத்திருந்தது.

மறுபடியும் வைத்தோம். அது வரவில்லை. சமையல்காரர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். துரை மணி பார்க்கவில்லை, அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஒன்று தோன்றியது. வெறும் ஈரத்துக்கு ஒரு தரம் வந்து அடிபட்டது இனி வராது. முழுத் தண்ணி வேண்டும். ஆனால் பெட்டை ஒருமுறை வயிறு நிறையக் குடித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நேரமும் இல்லை.

"விடுங்க அண்ணே. குடிக்கட்டும்."

"என்னடா சொல்ற?"

"விடுங்க."

விட்டார். பெட்டை மூக்கோடு வாயைத் தண்ணிக்குள் முக்கியது. மடக்கு மடக்காகத் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. நான் தலையைச் சாய்த்துக் கன்னத்தைச் சட்டி விளிம்பில் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"அங்கே!" என்று துரை கத்தினார். அதற்கு மேல் அவர் பாஷையில் கத்தினார். இடது மூக்கிலிருந்து அவர் நின்ற பக்கமாக வளைந்து அது தொங்கியது, தண்ணிக்குள் விரல் நீளத்துக்கு நெளிந்துகொண்டு.

கையை உள்ளே விட்டேன். சாக்குத்துணிக்குள் அகப்பட்டது. இந்தத் தடவை இழுக்கவில்லை. பிடியை மட்டும் விடாமல் இருந்தேன். பெட்டை தலையைத் தூக்கியது, நானும் அதோடு எழுந்தேன். துரை துப்பாக்கியைப் புல்லில் போட்டுவிட்டு வந்து காதைப் பிடித்துத் தலையை இறக்கினார். அது நீண்டது, நீண்டது, ரப்பர் மாதிரி. உள்ளே பிடி விட்டதும் நான் மல்லாக்க விழுந்தேன்.

சமையல்காரர் என்னைத் தூக்கவில்லை. சட்டியில் இன்னும் தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

துரை குச்சியால் அட்டையை ஒரு தகரத்தில் எடுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நானா எட்டிப் பார்த்து, "எண்ட மாட்டுல வந்தது இதவிடப் பெரிசு" என்றார்.

"நீங்க மாட்டை இந்தப் பக்கம் கொண்டு வாங்க மொதல்ல" என்றார் சமையல்காரர்.

பெட்டை நாலு சட்டி குடித்தது. ஐந்தாவதில் மூக்கை வைத்து விளையாடியது.

துரை என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று போனேன்.

"இன்றைக்கு யாரும் அதில் ஏறக்கூடாது. மற்ற இரண்டுக்கும் கிட்டத்திலும் வரக்கூடாது. ஒரு வாரம் பார்க்க வேண்டும்."

"சரி தொரை."

"இனிமேல் ரத்தம் கண்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். நீ என்ன செய்திருந்தாலும் சொல்ல வேண்டும்."

"சரி தொரை."

பெட்டையைக் கடைசியாக, தனியாக நடத்திக்கொண்டு மடுல்கெல்லவுக்குப் போனேன். முதுகில் ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் மெதுவாக நடந்தோம். வழி ஓரத்தில் புல்லைக் கண்ட இடமெல்லாம் நின்றது, நானும் நின்றேன். அவசரம் இல்லை. காப்பிப்பூ உதிர்ந்து பாதையெல்லாம் கிடந்தது.

இரண்டு நாள் லேசாக ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் இல்லை. சளி ஐந்தாம் நாள் நின்றது. ஏழாம் நாள் காலையில் துரை தன் வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார். இடது மூக்கைத் துடைத்துப் பார்த்தார். வலது மூக்கையும் துடைத்தார். கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கறையும் இல்லை, கொள்ளுத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"சேணம் போடு" என்றார்.

போட்டேன்.